ஒளியின் வேகமும் ஹோமி பாபாவும்

ஹோமி ஜஹாங்கீர் பாபா என்றதும் டிராம்பேயும் அணு உலையும் நினைவுக்கு வரும். பள்ளிப் புத்தகங்கள் அத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. கோலார் தங்கவயலில், பாலகாட் லைன் வீட்டில் வளர்ந்த எனக்கு அவர் வேறு வகையில் உறவு. எங்கள் ஊர்ச் சுரங்கத்துக்குள், தங்கத்தை அல்லாமல் வேறொன்றைத் தேட ஆளனுப்பியவர் அவர்.

1909 அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் செல்வம் மிகுந்த பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். 1927இல் கேம்பிரிட்ஜ் சென்றார். பொறியியல் கற்றுத் திரும்பி, டாடா இரும்பாலையில் பணியாற்ற வேண்டுமென்பது வீட்டாரின் விருப்பம். மகனுக்கோ பௌதிகத்தின்மீது தீராத பற்று. பொறியியலை முதல் வகுப்பில் முடித்துக் காட்டி, அதன்பின் தம் வழியே சென்றார். ஓவியம், இசை ஆகியவற்றிலும் வல்லவர்.

அக்காலத்தில் பௌதிகத்தையே உலுக்கியிருந்த செய்தி ஒன்றுண்டு. ஓடும் ரயிலில் முன்னோக்கி நடப்பவனின் வேகம், தரையில் நிற்பவனுக்கு ரயிலின் வேகத்தோடு கூடித் தெரியும். ஒளி மட்டும் இக்கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பூமியின் ஓட்டத்தால் ஒளியின் வேகத்தில் ஏற்படும் மாறுதலை 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் தேடினர். எதிர்பார்த்த மாறுதல் காணப்படவில்லை. சீராக நகர்பவர் அனைவருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே, ஒளியின் வேகமும் ஒன்றே என்று 1905இல் ஐன்ஸ்டீன் அடித்தளமிட்டார். வேகம் மாறாதென்றால், விட்டுக்கொடுக்க வேண்டியவை காலமும் தூரமுமே.

எங்கள் ஊர் உதாரணம் சொல்கிறேன். சுரங்கக் கூண்டு சீரான வேகத்தில் இறங்குகிறது. அதன் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஒளி பாய்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது நேர்க் குறுக்கே செல்கிறது. வெளியே நிற்பவருக்கோ, அதற்குள் கூண்டும் இறங்கிவிடுவதால், ஒளி சாய்வாக, அதிக தூரம் செல்கிறது. ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றே என்றால், அதிக தூரத்துக்கு அதிக நேரம் ஆகியே தீரும். எனவே வெளியே நிற்பவரின் கணக்கில் கூண்டுக்குள் இருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. கூண்டின் வேகம் அற்பமாகையால் நமக்கு அது தெரிவதில்லை.

ஒளியை நெருங்கும் வேகத்தில் இறங்கும் கூண்டு எங்கே கிடைக்கும்? ஆகாயத்தில் கிடைக்கும் என்று கண்டவர் பாபா. அண்டக்கதிர்களில் வரும் ஒரு துகள் தானாகவே சிதையக்கூடியது. ஆகவே அது தன்னுடனேயே ஒரு கடிகாரத்தைச் சுமந்து வருகிறது. வேகமாக வரும்போது அதன் ஆயுள் நீண்டு தோன்ற வேண்டும் என்று 1938இல் ஒரு சிறு குறிப்பில் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. இங்கே ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலையும் நம்மில் சிலர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம்!

இன்று மியூவான் எனப்படும் அத்துகளின் ஆயுள் சராசரியாக ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். மியூவான்களோ சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தும் தரைக்கு வந்து சேர்கின்றன. நம் கணக்கில் அவற்றின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அவற்றின் கணக்கிலோ வளிமண்டலம் சுருங்கிவிடுகிறது. 1941இல் அமெரிக்காவில் ரோஸியும் ஹாலும் மலைமேலும் கீழும் அளந்து இதை உறுதிசெய்தனர்.

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்த பாபாவைப் போர் இங்கேயே நிறுத்திற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. வி. ராமன் தலைமையிலிருந்த பௌதிகத் துறையில் சேர்ந்தார். 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். பின்னர் 1950களின் தொடக்கத்தில், மியூவான்கள் பாறைக்குள் எவ்வளவு ஆழம் செல்கின்றன என்று அளக்க, இளைஞர் பி. வி. ஸ்ரீகண்டனைத் தங்கவயலுக்கு அனுப்பினார். சில ஆயிரம் அடி ஆழம் துளைத்து வரும் மியூவானின் ஆயுள் ஆயிரம் மடங்குக்கும் மேல் நீண்டிருக்கும். எங்கள் பாட்டன்மார் பாறையை உடைத்துக்கொண்டிருக்கையில் அவை அவர்கள் உடலையும் ஊடுருவிச் சென்றிருக்கும், யார் கண்டார்!

ஆழம் கூடக்கூட அவை அருகின. மிக ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட அகப்படவில்லை. அந்த அமைதியே பெரும்பேறாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 7,500 அடி ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் கண்டனர். 1965 ஆகஸ்டில் அச்செய்தி அச்சேறியது.

அதைப் பார்த்தபின் பாபா ஐந்து மாதங்களே வாழ்ந்தார். 1966 ஜனவரி 24ஆம் நாள் மோன் பிளாங் மலையில் அவர் சென்ற விமானம் மோதியது. அவர் ஆளனுப்பிய சுரங்கங்களும் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. கூண்டுகள் இறங்குவதில்லை, மியூவான்கள் இறங்கிக்கொண்டேயிருக்கின்றன.