ஜெயிக்கவே முடியாத போட்டிக்கு 1,000 டாலர் பரிசு! 'புதிர் மன்னன்' சாம் லாய்டு செய்தது என்ன?

போடி பக்கம் பொட்டிபுரமோ, வேறு எந்த ஊரோ, திருவிழா பொம்மைக் கடையில் இது கண்ணில் படாமல் போகாது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சட்டம். உள்ளே 1 முதல் 15 வரை நம்பர் போட்ட கட்டைகள். ஒரே ஒரு காலி இடம். கட்டைகளை நகர்த்தி நகர்த்தி வரிசைப்படுத்தணும், அவ்வளவுதான். வரலைன்னா கட்டைகளை நெம்பி எடுத்து மாட்டி, முடிச்சிட்டேன்னு காட்டின ஆட்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லப்பட்ட பெயர், அமெரிக்காவின் சாம் லாய்டு. ஆனால் அது உண்மையில்லை.

யார் இந்த சாம் லாய்டு?

1841-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். வளர்ந்தது நியூயார்க்கில். 14 வயதிலேயே இவர் அமைத்த செஸ் புதிர் பத்திரிகையில் வந்துவிட்டது. 16 வயதில் ஒரு செஸ் பத்திரிகையின் புதிர் பகுதிக்கே ஆசிரியர்!

பிறகு கவனம் கையில் வைத்து விளையாடும் புதிர்கள் பக்கம் திரும்பியது. இரண்டு கழுதை, இரண்டு ஆள் படம் போட்ட அட்டையை மூன்று துண்டாக வெட்டி, ஆட்களைக் கழுதை மேல் உட்கார வைக்கும் புதிர் இவருடையதுதான். 1896-ல் பூமி உருண்டை மாதிரி ஒரு வட்ட அட்டை கொண்டுவந்தார். அதில் 13 வீரர்கள் இருப்பார்கள். லேசாகச் சுழற்றினால் 12 பேர்தான். ஒருத்தர் எங்கே போனார்னு ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. ஆக, திறமைக்குக் குறைவே இல்லாத மனுஷன்.

அப்போ 15 கட்டை யாருடையது?

நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற சின்ன ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர் நாய்ஸ் சாப்மன். எந்த வரிசையைக் கூட்டினாலும் 34 வரும்படி 16 கட்டைகளை அடுக்கும் ஒரு புதிரை 1874-லேயே செய்து நண்பர்களிடம் காட்டினார். அது மெல்ல மெல்ல 15 கட்டை, ஒரு காலி இடம் என்று மாறி, கைமாறி பாஸ்டன் போனது. அங்கே மரவேலை செய்துவந்த மத்தியாஸ் ரைஸ் 1879 கடைசியில் அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார்.

அடுத்த சில மாதங்களில் அமெரிக்கா, ஐரோப்பா எங்கும் ஒரே பைத்தியம். 1880-ல் சாப்மன் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அதோடு அவர் பெயரும் மறைந்துபோனது.

1,000 டாலரை ஏன் யாரும் வாங்கல?

பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து, 1890-களில் வந்தார் லாய்டு. இதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். எல்லா நம்பரும் சரியாக இருக்கும், 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறி இருக்கும். அதைச் சரி செய்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். அந்தக் காலத்தில் அது ரொம்பப் பெரிய தொகை.

ஆனால் பரிசு யாருக்கும் கிடைக்காது. ஏன்? சட்டத்தை செஸ் போர்டு மாதிரி கறுப்பு, வெள்ளைக் கட்டங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையை நகர்த்தினால் காலி இடம் கறுப்பிலிருந்து வெள்ளைக்கோ, வெள்ளையிலிருந்து கறுப்புக்கோ மாறும். கடைசியில் அது பழைய மூலைக்கே வரணும்னா, நகர்த்தல் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு கட்டைக்கும் காலி இடத்துக்கும் நடக்கும் ஓர் இடமாற்றம். ஆனால் 14, 15-ஐ மட்டும் மாற்றிப் போட ஒற்றைப்படை எண்ணிக்கையில் இடமாற்றம் தேவை. இரண்டும் ஒத்தே வராது.

இதை 1879-லேயே இரண்டு கணித அறிஞர்கள் நிரூபித்து, அமெரிக்கக் கணித இதழில் வெளியிட்டுவிட்டார்கள். ஆக, பரிசுப் பணம் பத்திரம். பெயர் மட்டும் லாய்டுக்கு!

இதோடு நின்றாரா?

இல்லை. 1903-ல் டேன்கிராம் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்யும் சீனப் புதிர் அது. அது 4,000 வருஷப் பழசு, டான் என்ற தெய்வம் தந்தது என்று எழுதினார். எல்லாம் அவர் கட்டிய கதை. நம்ம ஊர் தாயத்துக்குச் சொந்தமான பச்சிசியின் அமெரிக்க வடிவம்கூட இவர் உருவாக்கியது என்று ஒரு பேச்சு இருந்தது. தன் புதிர்களைப் பெயர் சொல்லாமல் எடுத்துப் போடுகிறார் என்று இங்கிலாந்தின் புதிர் நிபுணர் ஹென்றி டியூடனியும் கொதித்தார்.

1911-ல் லாய்டு இறந்தார். 1914-ல் அவர் மகன் வெளியிட்ட பெரிய புதிர்த் தொகுப்பு அந்தப் பெயரை இன்னும் நிலைக்க வைத்தது. 2006-ல்தான் ஜெர்ரி ஸ்லோகம், டிக் சோனெவெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி, சாப்மனின் பெயரை வெளியே கொண்டுவந்தார்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன?

புதிர் செய்பவர்களுக்கு இப்போது தனிப் போட்டியே இருக்கிறது. உலகப் புதிர்ப் பிரியர்கள் கூடும் சந்திப்பில் 2001 முதல் நடக்கும் அந்தப் போட்டிக்கு, ஜப்பானின் நோப் யோஷிகஹாரா பெயர் வைக்கப்பட்டுள்ளது. கார்களை நகர்த்தி வழி விடும் ரஷ் ஹவர் விளையாட்டைத் தந்தவர் அவர்தான். வந்தவர்கள் புதிர்களைக் கையில் எடுத்து விளையாடிப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். நடுவர் குழுவும் தனியாகப் பரிசு தரும். எந்தப் புதிர் யாருடையது என்று பதிவும் இருக்கும். சாப்மனுக்குக் கிடைக்காதது இந்தப் பதிவுதான்.

ஒரு விஷயம்: இந்தப் புதிர் உலகில் சாம் லாய்டு பெயரிலும் ஒரு விருது இருக்கிறது! 2003-ல் அதை வாங்கியவர், அதே யோஷிகஹாரா.

கடைசியா ஒரு டிப்ஸ். அடுத்த முறை கட்டைகளைக் கழற்றினால், கண்டபடி மாட்டாதீர்கள். மொத்தம் சுமார் 20 லட்சம் கோடி விதமாக அடுக்கலாம். அதில் சரியாகப் பாதியை எவ்வளவு நகர்த்தினாலும் தீர்க்கவே முடியாது. மணிக்கணக்கா உட்கார்ந்தும் வரலைன்னா, தப்பு உங்க மேல இல்லாமலும் இருக்கலாம்.