சீகன்பால்கும் மறுபாதி நூலும்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இரு செருமானிய இளைஞர்கள் வந்திறங்கினர். அவருள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. பிறப்பு 1682, ஊர் சாக்சனி நாட்டுப் புல்சுநிட்சு, அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர். அன்று அவர் தமிழில் ஓர் எழுத்தும் அறியார்.

அறியாதவர் என்ன செய்தார்? பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்தார். மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஈராண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, 1708இல் அவற்றுக்குப் பட்டியலும் வரைந்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் நூறு தமிழ் நூல்களின் பெயரைச் சொல்வோம், நண்பர்களே?

அதே ஆண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். சில வாரங்களில் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவரைச் சிறையிலிட்டார். நான்கு மாதச் சிறை! வெளிவந்து பணியைத் தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார். ஆலே நகரில் வார்த்து வந்த அச்செழுத்துகள் பருமனானவை, தாளை விழுங்கின. சிற்றெழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1714இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன.

இத்தோடு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் தமிழன் கையில் இருந்தது பாதி நூலே. மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் சாத்தான், வேதத்திலிருந்தே ஒரு வசனத்தை எடுத்துக்காட்டுகிறான். அது 91ஆம் சங்கீதத்தில் உள்ளது. அங்கே அடுத்த வசனமே பாம்பை மிதிப்பதைப் பற்றியது; அதற்கு முன்பே நிறுத்திவிட்டான்! இயேசுவோ உபாகமத்திலிருந்து விடை தருகிறார். 1715இன் தமிழ் வாசகர் இருவர் சொன்னதையும் படிக்கலாம். எதையும் மூலத்தில் ஒத்துப்பார்க்க வழியில்லை. சங்கீதமும் இல்லை, உபாகமமும் இல்லை.

எங்கள் வண்டன்மேட்டில் ஏலத் தோட்டத்து வீடுகளின் சுவரில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை தொங்கும். ஓர் அட்டை, ஒரு வசனம், ஓராண்டு முழுவதும் அதுவே. அதில் ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனம் யாரிடம், எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை அட்டை சொல்லாது. வசன எண்களே பிற்காலத்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள எண்களை இட்டவர் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு எழுதினால் பேராசிரியர் விடுவாரா?

சீகன்பால்கு பிறர் சமயத்தையும் துண்டாகப் பார்த்தவரல்லர். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெருநூலே எழுதினார். ஆலேயில் அதை அச்சிடவில்லை. 1867இல் சென்னையில்தான் அச்சேறியது.

ஆதியாகமத்திலிருந்து பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். உபாகமம் தமிழானது. இயேசுவின் விடைக்கு மூலம் கிடைத்தது. சாத்தான் காட்டிய சங்கீதம் இன்னும் தொலைவில் இருந்தது. ரூத்தின் கதை வரை வந்தார். 1719 பிப்ரவரி 23இல் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தாறு.

மத்தேயுவின் முதற்பக்க வமிச வரலாற்றில் ரூத்தின் பெயர் வருகிறது. ரூத்தின் நூலோ தாவீதின் பெயரோடு முடிகிறது. அங்கேதான் நின்றது அவர் கை. எஞ்சியதை பெஞ்சமின் சூல்ட்சே மொழிபெயர்த்தார். 1728க்குள் தாவீதின் சங்கீதங்களும் தீர்க்கதரிசிகளும் தரங்கம்பாடியில் அச்சேறின.