நாவலர் ஈட்டிய செல்வம்

யாழ்ப்பாணத்திலே ஒருவரைச் செல்வர் என்று மதிப்பதற்கு நம் முன்னோர் சில அளவைகளை வைத்திருந்தனர். எத்தனை பரப்புத் தோட்டக்காணி, எத்தனை பனை, எத்தனை கல்வீடு, எத்தனை ஆயிரஞ் சீதனம், மக்களுள் எத்தனை பேர் அரசாங்க உத்தியோகம் என்பனவே அவ்வளவைகள். பெட்டகத்திற் கிடக்கும் உறுதிகளை எண்ணிப் பார்த்தால் ஒருவரின் நிலையைச் சொல்லிவிடலாம். இவ்வளவைகளை இழிவாகப் பேசுதல் தகாது. மழையை நம்பி வாழ்ந்த, வறுமையின் கொடுமையை அறிந்த மக்கள் வகுத்தவை அவை. ஆயினும், இவற்றுள் எதனாலும் அளக்கப்படாத ஒருவரே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டின் பெருஞ்செல்வராய் வாழ்ந்தார். அவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர்.

நாவலர் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆந் திகதி நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். இருபாலைச் சேனாதிராய முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழிலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலங் கற்கும்பொருட்டு இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப்படும் வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்து, பின் அங்கேயே ஆசிரியருமானார். பேர்சிவல் பாதிரியார் அவருடைய புலமையை நன்கு மதித்து, விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணியிலே தமக்குத் துணையாக வைத்துக்கொண்டார். சென்னைக்கும் உடன் அழைத்துச் சென்றார்.

அக்காலத்தில் ஆங்கிலமுந் தமிழும் ஒருங்கு கற்ற இளைஞருக்கு உயர்வழிகள் பல திறந்திருந்தன. தமையன்மாருட் சிலர் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்திருந்தனர். நாவலரும் அவ்வழியே சென்றிருப்பின், நல்ல வேதனமும், சீதனத்தோடு வந்த மனைவாழ்க்கையும், ஊர்மதிப்பும் எளிதிற் கிடைத்திருக்கும். அவரோ 1848 ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து வயது நிரம்பிய நிலையில், அந்த உத்தியோகத்தைத் துறந்தார். திருமணத்தையும் வேண்டாமென ஒதுக்கினார். முதல்நாள் வரை வருவாயுடையவராயிருந்தவர், மறுநாள் பிறர் கொடுப்பதை நம்பியிருப்பவரானார்.

அவ்வாறு துறந்தது காட்டுக்குச் செல்வதற்கன்று. 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் சைவப்பிரசங்கத்தை அவர் நிகழ்த்தியிருந்தார். 1848 இல் அவ்வண்ணார்பண்ணையிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்நாளிற் கற்க விரும்பிய சைவப் பிள்ளைகள் பலர், கல்வியின்பொருட்டுத் தஞ்சமயத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கல்வியா, சமயமா என்று ஒரு சிறுவன் தெரிவுசெய்ய வேண்டிய நிலையே உண்மையான வறுமை என்று நாவலர் கண்டார். அவ்வறுமையைப் போக்குதற்கே தம் வருவாயை இழந்தார்.

பாடசாலையை நடத்துதற்குப் பணம் வேண்டுமே! அரசாங்க உதவி நெடுங்காலம் கிட்டவில்லை. அங்கே கைக்கொண்ட வழிகளுள் ஒன்று பிடியரிசி. உலையில் இடுவதற்கு முன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு கலத்தில் இட்டு வைப்பாள். சேர்ந்த அரிசி பாடசாலைக்குச் செல்லும். ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீட்டிலும் எவரும் பசித்திருந்ததில்லை. அப்பிடிகள் ஒன்றுசேர்ந்தபோது ஒரு பாடசாலை நிமிர்ந்து நின்றது. கல்வீடும் காணியுமற்ற ஏழைப்பெண்ணும் அப்பாடசாலையின் புரவலரானாள். கொடுப்பதற்கு ஒரு பிடியேனும் உடையவர் வறியவரல்லர் என்பதை நாவலர் அவர்களுக்கு உணர்த்தினார்.

அடுத்து அவர் கண்டது ஏட்டுச்சுவடிகளில் அடைபட்டுக் கிடந்த செல்வம். ஒரு நூலைக் கற்க விரும்புவோன், ஏடுடையவரைத் தேடிச் சென்று, இரந்து பெற்று, நாட்கணக்காக இருந்து பெயர்த்தெழுத வேண்டும். பெட்டகத்து உறுதிகளைப்போலவே ஏடுகளும் பூட்டப்பட்டிருந்தன. 1849 ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கும் நோக்கத்துடன் நாவலர் தமிழகஞ் சென்றார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. திரும்பி வந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சிறுவர்க்குப் பாலபாடங்கள், சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம், 1852 இல் பெரியபுராண வசனம், பின்னர்ப் பரிமேலழகருரையுடன் திருக்குறள் என அடுத்தடுத்து நூல்கள் வெளிவந்தன. பிழை நீக்கித் தூய்மை செய்தலில் அவர் காட்டிய கண்டிப்பு, பின்வந்த பதிப்பாசிரியர்க்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. 1864 இற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை கண்டார்.

இவற்றைக்கொண்டு நாவலர் பொருளை வெறுத்தவர் என்று எண்ணுதல் தவறு. தமக்கென ஒன்றுங் கேளாத அவர், பாடசாலைக்காகக் கூசாமற் கேட்டார். கொடாதவரைக் கடிந்தும் எழுதினார். பணமின்றிப் பாடசாலை நடவாது என்பதை அவரைப்போல் அனுபவித்தறிந்தவர் பிறரிலர். 1872 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் ஆங்கிலபாடசாலையொன்றைத் தொடங்கினார். சைவச்சூழலில் இருந்தபடியே நம் பிள்ளைகள் ஆங்கிலங் கற்க வேண்டுமென்பது அவர் நெடுநாள் விருப்பம். பொருளுதவி போதாமையால் சில ஆண்டுகளுள் அதனை மூட நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியே நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம். அந்நாளில் யாழ்ப்பாணத்திற் பொருள் இல்லாமலில்லை. புகையிலை வணிகத்தாற் செழித்தவர் இருந்தனர். உத்தியோகத்தால் உயர்ந்தவர் இருந்தனர். திருவிழாக்களில் வாணவேடிக்கைக்கும் சதிருக்கும் பொருள் இறைக்கப்பட்டது. அவ்வளவு இருந்தும் ஒரு பாடசாலை பணமின்றி மூடப்பட்டது. உறுதிகளை எண்ணினால் அந்த ஊர் செல்வமுடையது. பாடசாலையின் மூடிய கதவைப் பார்த்தால் அதே ஊர் வறியது. கையிருப்பு எவ்வளவாயினும், வேண்டிய வேளையில் வேண்டிய இடத்துக்குச் செல்லாத பொருள் ஒருவரையுஞ் செல்வராக்குவதில்லை.

1877 ஆம் ஆண்டு பஞ்சத்தின்போது நாவலருடைய உடல் தளர்ந்திருந்தது. அந்நிலையிலும் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். தம்மிடம் ஒன்றுமில்லாத அவர் கேட்டபோது மற்றவர் கொடுத்தனர். தமக்கென எதனையும் வைத்துக்கொள்ளாதவர் என்னும் நம்பிக்கையே அவர் கையிலிருந்த முதல்.

அவர் பெருக்கிய செல்வத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அதனை மறைத்தல் நன்றன்று. அக்காலத்துச் சாதியாசாரத்தை நாவலர் கடந்தாரல்லர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளை அக்கல்வி சென்றடையவில்லை. பாடசாலைக் கதவுகளையும் சமஆசனத்தையும் அம்மக்கள் நெடுங்காலம் போராடியே பெற வேண்டியிருந்தது. ஒரு பகுதியினர்க்கு மறுக்கப்படுமளவும் ஒரு நாட்டின் கல்விச்செல்வம் குறையுடையதே.

1879 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆந் திகதி, ஐம்பத்தாறாம் வயதில், நாவலர் சிவபதமடைந்தார். மனைவி மக்களென வழியுரிமை கோருவார் எவருமிலர். ஆயினும் அவருடைய முதுசொம் பங்கிடப்பட்டது. 1888 இல் சைவபரிபாலன சபை எழுந்தது. 1890 இல் அச்சபையின் ஆட்சியில், அதே வண்ணார்பண்ணையில், இந்து உயர்தரக் கலாசாலை நிலைபெற்றது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் வளர்ந்தது. நாவலர் பொருளின்றி மூடிய கதவை அவர்வழி வந்தோர் பொருள் சேர்த்துத் திறந்தனர். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், அவ்விளக்கின் ஒளியைக் கிராமந்தோறுங் கொண்டு சென்றது.

இக்கல்லூரியின் வாங்குகளில் இருந்து கற்ற நாமனைவரும் அம்முதுசொத்தின் பங்காளிகளே. நம்முட் பலர் இன்று கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் நன்னிலையில் வாழ்கின்றனர். வீடும் வாகனமும் வங்கிக்கணக்கும் புதிய அளவைகளாய் வந்துள்ளன. அவை பழைய உறுதிகளின் மறுவடிவங்களே. அவற்றை ஈட்டுதல் குற்றமன்று. ஆயினும் நாம் கற்ற வகுப்பறைக்கு வெளியே, கட்டணஞ் செலுத்தவோ புத்தகம் வாங்கவோ வழியின்றி ஒரு பிள்ளை நிற்குமாயின், நம்முடைய செல்வத்தின் கணக்கில் அந்தப் பிள்ளையும் சேரும். அக்கணக்கைத் தீர்க்கப் பெருங்கொடை வேண்டுவதில்லை. உலையிலிடுமுன் எடுத்து வைக்கும் ஒரு பிடி போதும். அதை நாடோறும் எடுத்து வைத்தல் வேண்டும்.