லெவிஞ்சு துரையும் கோடைமலை ஏறுவழியும்

சித்திரைத் திங்களில் மதுரை மாநகரின் வெயில் அனலெனக் கொதிக்க, வைகை மணலும் அடிவைக்க வொண்ணாதபடி சுடும். அக்காலத்து மேற்றிசையில் நீலமுகில்போல் நெடிது நிற்கும் பழனிமலைத் தொடர், காண்போர் உள்ளத்திற்கு ஓர் ஆறுதலாம். அம்மலைமீது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் விளங்கும் கோடைக்கானலை இன்று நாம் பேருந்தில் அமர்ந்து சில மணி நேரத்தில் அடைகின்றோம். ஆயின் 1914ஆம் ஆண்டில் மலைச்சாலை திறக்கப்படும்வரை, பெரியகுளத்துப் பக்கமாக மனிதரும் குதிரையும் ஏறத்தக்க செங்குத்தான பாதையே பெருவழியாயிருந்தது. அவ்வழியால் ஏறிச்சென்று மலைமேல் ஓர் ஏரியைக் கண்ட லெவிஞ்சு துரையின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

வியர் ஹென்றி லெவிஞ்சு என்பார் 1819ஆம் ஆண்டு அயர்லாந்து தேசத்துப் பிரபுக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். மூத்த மகனல்லராதலின், குடும்பப் பட்டம் அவரை நாடி வரும் என்று அந்நாளில் எவரும் எண்ணியிரார். அவர் சென்னை இராஜதானியின் சிவில் உத்தியோகத்தில் அமர்ந்து, பின்னர் மதுரை ஜில்லாவின் கலெக்டர் பதவியை எய்தினார். இந்நாளில் திண்டுக்கல், தேனி மாவட்டங்களிலுள்ள மலைநாடும் அடிவாரமும் அக்காலத்தில் அந்த ஜில்லாவிலேயே அடங்கியிருந்தன.

அவருக்கு முன்னும் அம்மலையை நாடினார் பலர். 1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்தலைவர் மலையை அளந்தார். 1834ஆம் ஆண்டில் ராட்டன் துரையும் காட்டன் துரையும் பெரியகுளத்துப் பக்கத்தினின்று ஏறிச் செண்பகனூரருகே ஒரு சிறு மனை எடுத்தனர். அதே ஆண்டில் மதுரையில் தொண்டு தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், நோயாலும் வெப்பத்தாலும் தம்மவர் பலரை இழந்தனர். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. ஆகவே 1845ஆம் ஆண்டில் கோடைக்கானலில் முதல் இல்லங்களை அமைத்தனர். அவர்கட்கு அவ்வேற்றம் உல்லாசப் பயணமன்று, உயிர்காக்கும் வழியேயாம்.

லெவிஞ்சு துரை அம்மலையின்பால் பெரிதும் ஈடுபட்டார். மலைமேல் பாதைகள் அமைப்பதிலும் ஏறுவழியைச் செம்மை செய்வதிலும் கருத்தூன்றினார். 1863ஆம் ஆண்டில், ஓடைகள் கூடும் சதுப்புப் பள்ளத்திற்குக் குறுக்கே கரை எழுப்பி, நீரைத் தேக்கி, ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள ஏரியை உருவாக்கினார். இதற்குத் தம் கைப்பொருளையும் செலவிட்டனர் என்ப. ஏரியில் மீன் குஞ்சுகளை விடுவித்ததோடு, தூத்துக்குடியினின்று முதற்படகையும் அவரே தருவித்தார் என்று கூறுவர்.

அப்படகை நினைக்குந்தோறும் நம் உள்ளம் ஒருகணம் நிற்கின்றது. கடற்கரையில் மிதந்த மரக்கலம் மலையுச்சியை எங்ஙனம் அடைந்தது? மலைக்கு வண்டிப்பாதை இல்லாத நாள் அது. அடிவாரத்தினின்று ஏறத்தாழ 6,000 அடி ஏற்றத்தை மனிதர் தோள்களன்றி வேறெவை தாங்கியிருக்கும்? அத்தோள்களுக்குரியார் பெயரை எந்த ஏடும் நமக்கு வைத்துப் போகவில்லை.

பதவியினின்று ஓய்வுபெற்ற பின்னரும் துரை தாயகத்தில் நிலைகொள்ளாது கோடைக்கானலையே தம் இருப்பிடமாகக் கொண்டார். 1884ஆம் ஆண்டில் தமையனார் இறக்கவே, குடும்பப் பட்டம் அவரை வந்தடைந்தது. சர் வியர் லெவிஞ்சு என்னும் பெயரை அவர் நெடுநாள் தாங்கினாரல்லர். மறு ஆண்டாகிய 1885இலேயே உலக வாழ்வை நீத்தார்.

ஏறுவழியின் வாழ்வு அதன்பின்னும் நீண்டது. 1875ஆம் ஆண்டில் இருப்புப்பாதை மதுரையை எட்டிய பின்னர், பிரயாணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் சென்று, கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பினின்று மலையேறினர். வலியோர் நடந்தனர், செல்வர் குதிரையிலும், ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலும் சென்றனர். பெட்டி, படுக்கை, மேசை, அரிசி யாவும் தலைச்சுமையாகவே ஏறின. 1914ஆம் ஆண்டில் லா என்னும் படைத்தலைவர் வகுத்த மலைச்சாலை திறக்கப்பட்டு, மோட்டார் வண்டிகளும் ஓடத் தொடங்கவே, பழைய வழியில் கூட்டம் குறைந்தது. இன்று அது மலையேற்றப் பிரியர்கள் நாடும் நடைவழியாய் நிற்கின்றது.

மாணவ நண்பர்களே! ஏரி என்றால் லெவிஞ்சு துரையை நினைக்கின்றோம். வண்டிச்சாலையோ லா துரையின் பெயரைத் தாங்குகின்றது. ஆயின் பழைய ஏறுவழிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் யாது? கூலி காட் என்பதே, அதாவது கூலியாட்களின் கணவாய். இகழ்ச்சியாக வழங்கிய சொல்லாயினும், உண்மையை அதுவே உரைக்கின்றது. பொருளும் முயற்சியும் ஈந்த துரையை நன்றியோடு போற்றுவோம். அவர்தம் எண்ணத்தை மலைமேல் ஏற்றிய தோள்களையும் மறவாதிருப்போம். விடுமுறையில் அவ்வழியே ஏறும் இளைஞர், மூச்சு வாங்கி நிற்கும் வளைவுதோறும், முதுகில் சுமையோடு அங்கு நின்றாரை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.