ஆச்சாக் குழலும் நாகசுரச் சக்கரவர்த்தியும்

திருவள்ளூரையடுத்த திருப்பாசூரில் இறைவன் மூங்கிற் புதரினின்றும் வெளிப்பட்டருளினன் என்பது தலவரலாறு. குழலுக்குரிய மூங்கிலிடத்தே தோன்றிய பெருமானுக்கு நாகசுரத்தால் தொண்டு புரிந்த திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையவர்களை இக்குடமுழுக்கு மலரில் நினைவுகூர்தல் பொருத்தமேயாம்.

1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் திருமருகலிற் பிறந்த இவரை வளர்த்தவர் மாமன் நடேச பிள்ளை. அவர் திருவாவடுதுறை ஆதீன வித்துவான். ஆதலின் இவரும் ஆதீன நிழலிலேயே வளர்ந்தார். முதலிற் பயின்றது வாய்ப்பாட்டு; நாகசுரம் பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் கற்றது. பாடக் கற்ற பின் குழலெடுத்தமையாலேயே அவர் வாசிப்பு பாடுவது போல் அமைந்தது என்பது அடியேன் துணிபு. இசைத்தட்டிலுள்ள தோடியைக் கேட்டவர் இதனை மறுக்கார்.

அக்காலத்து வழங்கியது திமிரி என்னும் குறுங்குழல். உச்ச சுருதியுடையது, வீதியுலாவுக்கு ஏற்றது. பிள்ளையவர்கள் விழைந்ததோ தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நீண்ட பாரி. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் அதனை அவர்க்கு ஆக்கித் தந்தார். உதட்டழுத்தத்தால் வருந்தி வருவித்த சுத்த மத்திமம் அக்குழலில் இயல்பாகவே பிறந்தது. தோடிக்குரிய மத்திமமும் அதுவன்றோ!

குழலுக்கு ஆச்சா மரமே உகந்தது. புதிதாய் வெட்டியது ஆகாது. பழைய வீட்டு உத்திரங்களிலும் தூண்களிலும் பல்லாண்டு ஈரம் வற்றியதையே தேடிக் கொள்வர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து திருப்பணிக்கு உதவிய அன்பர்கள் இரும்பின் இயல்பை நன்கறிவர். உருக்கினால் அது மீண்டும் உருப்பெறும். வெடித்த மரம் அங்ஙனம் மீளாது.

1947 ஆகஸ்டு 14 அன்று தில்லியில் ஆதீனச் செங்கோல் நேரு அவர்களிடம் அளிக்கப்பெற்றபோது வாசித்தவர் பிள்ளையவர்களே. 1956 டிசம்பர் 12-இல் சென்னையிற் சிவபதம் எய்தினார். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு 2022-இற் கிடைத்தது.

வாசித்தவர் மறைந்தும் குழல் நிற்கும், பேணினால். வாசித்தவுடன் உள்ளே மூச்சின் ஈரம் தங்கும். கோலிற் சுற்றிய மெல்லிய துணியால் அதனை ஒற்றியெடுத்தல் வேண்டும். அவ்வப்போது சிறிது எண்ணெய் தடவலாம், மிகுதி கூடாது. வெயிலும் ஈரச்சுவரும் இரண்டும் பகை. நாணலாலாகிய சீவாளியைக் கழற்றித் தனியே உலர்த்துக.

முன்னொருகால் ஒரு கோயிலின் களஞ்சியத்தில் பழந்திமிரி ஒன்று கண்டேன். திருப்பணியின்போது வாயிற்கதவுக்கு வார்னிஷ் பூசியவர்கள், எஞ்சியதை அதற்கும் பூசி அழகு செய்திருந்தனர். பக்தியாற் செய்ததே, கடிந்துகொள்ள நா எழவில்லை. துளைகளின் விளிம்பிலும் உள்ளும் பூச்சு உறைந்து, சுரம் பிறழ்ந்துவிட்டது. கோயில் நாகசுரக்காரர் அதனை மடியிற் கிடத்தித் துளை துளையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் திருக்கோயிற் பெட்டகத்திலும் பழங்குழல் இருப்பின், பூச்சுக்காரர் கைபடுமுன் வாசிப்பவர் கையில் ஒருமுறை கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.