சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

டார்னெய்ட்டில் வாழும் நமக்கு ஆண்டின் எந்த இரவிலும் மறையாத விண்மீன் கூட்டங்கள் சில உண்டு. பெரிய மகெல்லன் முகிலுக்கு அண்மையில் உள்ள ரெட்டிகுலம் அவற்றுள் ஒன்று. அங்குள்ள சிவந்த விண்மீன் ஒன்று ஒளி கூடியும் குன்றியும் வருவதை 1867 சனவரியில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் ஒரு சென்னைவாசி. அவரே சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். சென்னையில் அவ்விண்மீன் உச்சத்தில் நிற்கும்போதும் தென் அடிவானத்திற்கு மேல் 14 பாகையளவே உயரும். புழுதியும் கடற்பனியும் படர்ந்த அந்தத் தாழ்வான வானில் அவர் அதனைக் கண்டுகொண்டது வியப்பிற்குரியது.

பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த இவர், இளமையிலேயே நுங்கம்பாக்கத்துச் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியில் அமர்ந்தார். 1861 இல் அதன் தலைமையை ஏற்ற நார்மன் போக்சன், விண்மீன் ஒளித்தரங்களுக்கு இன்றும் வழங்கும் அளவுகோலை 1856 இல் வகுத்தவர். அவருக்கு முதல் உதவியாளராக இருந்த இரகுநாதாச்சாரியார், இரவுதோறும் விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தைக் குறித்துவந்தார். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும், முன்பு குறித்த ஒளியும் இன்று காணும் ஒளியும் வேறுபடுவதை இத்தகைய பொறுமையன்றி வேறெது காட்டும்?

ஆர் ரெட்டிகுலி எனப் பெயர்பெற்ற அவ்விண்மீன் முதுமையுற்ற செம்பூதம். ஏறத்தாழ 280 நாள்களுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கி, பல நூறு மடங்கு ஒளி மாறுகிறது. இந்தியர் ஒருவர் கண்டறிந்த முதல் மாறொளி விண்மீன் இதுவே என்பர்.

அருகிலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியை மதிப்பிடும் அம்முறை இன்று அண்டங்களின் நடுவரை சென்றுள்ளது. 1929 இல் ஹோஃப்மைஸ்டர் மாறொளி விண்மீன் எனப் பட்டியலிட்ட பி.எல். லாசெர்ட்டே, உண்மையில் தொலைவிலுள்ள ஓர் அண்டத்தின் கொந்தளிக்கும் மையம் எனப் பின்னர் தெளிந்தது. ஒளி ஒரே நாளில் பெரிதும் மாறினால், அது பிறக்கும் இடம் ஒளி ஒரு நாளில் செல்லும் தொலைவைவிட மிகப் பெரிதாக இருத்தல் அரிது. இவ்வளவு சிறிய இடத்திலிருந்து இவ்வளவு ஆற்றலா எனத் திகைத்தோர்க்கு அங்கிருக்கும் பெருங்கருந்துளையே விடையாயிற்று.

எனினும், விண்மீனைக் கண்டதினும் துணிவான செயல் ஒன்றை இரகுநாதாச்சாரியார் செய்தார் என்பதே எம் கருத்து. நம் இல்லங்களில் தீபாவளி வந்தால் வாக்கியமா, திருக்கணிதமா என்ற வினாவும் உடன்வருமே, அதன் வேர் அவர் காலத்திலும் உண்டு. மனனம் செய்த பழைய வாக்கியங்களால் கணிக்கும் கிரகநிலைகள் கண்ணால் காணும் நிலையினின்று விலகிவிட்டதை அவர் நாள்தோறும் கண்டார். முன்னோர் கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது முன்னோரை இகழ்வதன்று எனக் கொண்டு, புதிய அளவீடுகளின்படி திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். பஞ்சாங்கக் குடியிற் பிறந்தவர்க்கு இது எளிதான செயலன்று.

1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அவினாசியில் நோக்கினார். 1872 இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பச்சையப்பன் மண்டபத்தில் உரையாற்றி, நம்மவர் பயில்வதற்கென ஒரு வானாய்வுக்கூடம் வேண்டுமென வேண்டினார். அவ்வேண்டுகோள் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. 1880 பிப்ரவரி 5 அன்று அவர் மறைந்தார்.

சென்னைக் கூடத்தின் வானாய்வுப் பணி 1899 இல் கொடைக்கானலுக்கு மாறியது. அதன் வழிவந்த நிறுவனம் 1986 இல் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது. அதனை வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் இந்தியர்களே.