உடலுக்குள்ளே ஒரு மருந்து

மனித குலம் கண்டு நடுங்கும் நோய்களுள் தலையாயது புற்றுநோய். அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்னும் மூன்று படைக்கலங்களோடு இன்று நான்காவதாக ஒன்றும் சேர்ந்துள்ளது. நம் உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே அது. விலங்கியல் மாணவனாகிய நான் இத்துறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் நினைவில் முதலில் நிற்பவர் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி.

1862-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த கோலி, 1888-ல் ஹார்வர்டில் மருத்துவப் படிப்பை முடித்தார். 1890-ல் பெஸ்ஸி டாஷீல் என்ற 17 வயதுப் பெண் கைவலியோடு அவரிடம் வந்தாள். சார்கோமா என்னும் கொடிய புற்றுநோய் அது. முழங்கைக்குக் கீழே கையை அகற்றியும் பயனில்லை. 1891 ஜனவரியில் அவள் இறந்தாள். அந்த மரணம் இளம் மருத்துவரின் உள்ளத்தை உலுக்கியது.

விடை தேடி மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார் கோலி. அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. ஸ்டெயின் என்ற ஜெர்மானியருக்குக் கழுத்தில் சார்கோமா. பலமுறை அறுத்தும் அது மீண்டும் வளர்ந்தது. இடையில் அவருக்கு எரிசிபெலாஸ் என்னும் தோல் தொற்று கண்டது. காய்ச்சல் கொதித்தது, கட்டியோ கரைந்து மறைந்தது! ஏழாண்டுகளுக்குப் பின் கோலி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் அலைந்து அவரைக் கண்டுபிடித்தார். அவர் நலமாக இருந்தார்.

1891-ல் கோலி அத்தொற்றைத் தாமே உண்டாக்கத் துணிந்தார். நோயாளி ஒருவரின் கட்டியில் உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்தினார். கட்டி கரைந்தது. ஆனால் வேறு சிலர் அத்தொற்றினாலேயே மாண்டனர். எனவே இரு வகைப் பாக்டீரியாக்களைக் கொன்று, அவற்றைக் கலந்து மருந்தாக்கினார். அதுவே ‘கோலியின் நச்சு’ எனப் பெயர் பெற்றது. 1893-ல் வயிற்றில் பெருங்கட்டியோடு வந்த 16 வயது இளைஞன் இம்மருந்தால் பிழைத்து, மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தான்.

எனினும் மருத்துவ உலகம் அவரை நம்பவில்லை. புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங் கதிர்வீச்சையே ஆதரித்தார். எதிர்த்தவர்களை நான் குறை கூறமாட்டேன். கோலியின் மருந்து ஒரே சீராகத் தயாரிக்கப்படவில்லை, குணமாகாதோரும் பலர். கட்டி ஏன் கரைகிறது என்று விளக்கவும் அவரால் இயலவில்லை. 1936-ல் அவர் மறைந்தபோது அவரது முறையும் மங்கத் தொடங்கியிருந்தது.

அவர் அறியாத காரணத்தை இன்று ஓரளவு அறிவோம். நம் குருதியிலுள்ள டி செல்கள் புற்றுச் செல்லின் மாறிய புரதங்களை அடையாளம் கண்டு அழிக்க வல்லவை. புற்றுநோயோ வஞ்சகம் மிக்கது. டி செல்லின் மேலுள்ள தடுப்பு விசையை அழுத்தி, காவலனை உறங்கச் செய்துவிடுகிறது. தொற்று உண்டானால் உடல் முழுதும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. உறங்கிய காவலனும் சில வேளைகளில் விழித்தெழுகிறான். அத்தடுப்பு விசைகளை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் குழந்தைப் பருவத்தில் போட்டுக்கொண்ட பி.சி.ஜி. மருந்தே இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது.

தந்தையின் நோயாளிக் குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் தொகுத்தவர் அவர் மகள் ஹெலன். 1953-ல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தோன்ற அவரே காரணமானார்.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் விதிக்கு மாறான ஒரு முடிவு வந்தால், பிழையென்று அடித்துவிடுவது எளிது. கோலி அதைத் தேடித் தெருத்தெருவாய் நடந்தார். விதிவிலக்கை மதித்த அவர் கண்ணும், சான்று கேட்ட அவர் எதிரிகளின் கண்டிப்பும் ஒருங்கே நமக்கு வாய்க்கட்டும்.